பொய் சொன்ன ரீட்மீ

நான் எழுதிய சின்ன பைத்தான் கருவி ஒன்றின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில், ஹெல்ப் கட்டளை காட்டுவதை டெர்மினலிலிருந்து அப்படியே காப்பி அடித்து ஒட்டி வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒருவர் கேட்டார்: "இதில் போட்டிருக்கும் ஆப்ஷன் என் மெஷினில் இல்லையே?" பெயரை மாற்றியவன் நான்தான். ரீட்மீயை மறந்தவனும் நான்தான்.

அப்புறம்தான் நெட் பேட்செல்டர் எழுதிய 'காக்' என்ற கருவியின் பக்கம் போனேன். ரீட்மீ போன்ற மார்க்டவுன் கோப்பில் எச்டிஎம்எல் கமென்ட்டுக்குள் நாலு வரி பைத்தான் ஒளிந்திருக்கும். படிப்பவர் கண்ணில் படாது. 'காக்' கருவியை ஓட்டினால் அந்த நாலு வரி என் கருவியை ஓட்டி, வருவதைக் கீழேயே எழுதிவிடும். மறுபடி ஓட்டினால் பழையது போய்ப் புதியது வரும். 'செக்' ஆப்ஷன் போட்டால் எதையும் எழுதாது; கோப்பு பழசாகியிருந்தால் பிழை காட்டி நிற்கும். சரி என்று அதை, வேறொரு மெஷினில் தானாகச் சோதனைகளை ஓட்டும் சிஐயில் போட்டேன்.

முதல் நாளே சிவப்பு, அதாவது தோல்வி. ஒரு வரிகூட மாற்றவில்லையே என்று அரை மணி நேரம் முழித்தேன். என் லேப்டாப்பில் பைத்தான் 3.9, அங்கே 3.10. 'ஆப்ஷனல் ஆர்க்யுமென்ட்ஸ்' என்றிருந்த தலைப்பை 3.10-இல் ஹெல்ப் உரையைத் தயாரிக்கும் ஆர்க்பார்ஸ் நூலகம் வெறும் 'ஆப்ஷன்ஸ்' ஆக்கிவிட்டது! அதைச் சரிசெய்தால் அடுத்து டெர்மினல் அகலம்: என் பெரிய திரையில் ஒரே வரியாக வந்தது அங்கே இரண்டாக மடிந்தது. டெர்மினல் அகலத்தைச் சொல்லும் 'காலம்ஸ்' என்ற சூழல் மாறியை இரண்டு இடத்திலும் 80 என்று வைத்தபின் அடங்கியது.

தேதி, தற்காலிகக் கோப்பின் பாதை எல்லாம் காட்டும் கட்டளைகளை மட்டும் இன்னும் கையால்தான் ஒட்டுகிறேன். இல்லாவிட்டால் செக் தினமும் அழும்.