கூரைப் பனியை வழிக்காத வீடு: மியூரனில் ஆறு இரவுகள்

மியூரனுக்குக் காரில் போக முடியாது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், ஏறக்குறைய 1,640 மீட்டர் உயரத்தில், லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறை விளிம்பில் அமைந்த சிற்றூர் அது. பள்ளத்தாக்கிலிருந்து கம்பிவட ஊர்தியில் க்ரூட்ஷ்ஆல்ப் வரை ஏறி, அங்கிருந்து 1891ஆம் ஆண்டில் தொடங்கிய சிறிய மலை ரயிலில் ஊரை அடைந்தோம். பெட்டிகளை ஒரு மரச் சறுக்குவண்டியில் கட்டி, காலடியில் பனி நொறுங்க, நிலையத்திலிருந்து வீடு வரை இழுத்துச் சென்றோம்.

நாங்கள் தங்கியது ஷாலே எனப்படும் மலையக மர வீடு. ஷாலே என்னும் சொல் முதலில் கோடைகாலத்தில் மலை மேய்ச்சலுக்கு மாடுகளோடு ஏறும் இடையர்களின் குடிசையைத்தான் குறித்தது. எங்கள் வீடு அந்தக் குடிசையின் வளர்ந்த வடிவம். அடித்தளம் கல்லாலும், அதற்கு மேலே முழுவதும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தாலும் ஆனவை. சதுரமாகச் செதுக்கிய உத்தரங்கள் மூலைகளில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்படி வெட்டி அடுக்கப்பட்டிருந்தன. வெயில் படும் தெற்குச் சுவர் காபிக்கொட்டை நிறத்துக்குக் கறுத்திருக்க, வடக்குச் சுவர் சாம்பல் பூத்திருந்தது. முகப்பின் உச்சியில் வீட்டைக் கட்டிய தம்பதியரின் பெயர்களும் ஆண்டும் ஓர் ஆசி வாசகமும் பழைய ஜெர்மன் எழுத்துகளில் செதுக்கப்பட்டிருந்தன. கட்டியவரின் பெயரோடு மனைவியின் பெயரையும் சேர்த்தே செதுக்கும் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

முதல் நாள் இரவு பெரும்பனி பெய்தது. காலையில் கூரையின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றதைப் பார்த்த நான், கீழ்த்தளத்தில் வசிக்கும் வீட்டுக்கார அம்மையாரிடம் அதை எப்போது வழித்துத் தள்ளுவீர்கள் என்று கேட்டேன். "அளவுக்கு மீறினால் மட்டும்தான். அது எங்கள் போர்வை" என்றார் அவர். புதுப்பனியின் துகள்களுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் இந்தப் பகுதியின் பழைய கூரைகள், பனி உடனே வழுக்கி விழுந்துவிடாதபடி, சாய்வு குறைவாகவும் அகலமாகவும் அமைந்திருக்கின்றன; அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் உத்தரங்கள் அத்தனை பருமன். சுவரைத் தாண்டி வெகுதூரம் நீளும் இறவாரத்தின் கீழே, ஒரு குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு நனையாமல் அடுக்கப்பட்டிருந்தது. குளிரைக் கொண்டுவரும் பனியையே குளிருக்குத் தடுப்பாக்கிக்கொண்ட அந்த மலைத் தச்சர்களின் அறிவை நான் வியந்துகொண்டே இருந்தேன்.

வீட்டின் இதயம் ஸ்டுபே என்று அவர்கள் அழைக்கும் கூடம். உத்தரங்களுக்குத் தலை குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அங்கே நிற்கும் கல் கணப்புக்கு அடுத்த அறையான சமையற்கட்டின் பக்கமிருந்து விறகு இடுவதால், கூடத்துக்குள் புகையோ சாம்பலோ வருவதில்லை. காலையில் ஒருமுறை எரித்தால் கல் சூடேறி, மாலை வரை மெல்ல மெல்ல வெப்பத்தை விடுகிறது. கணப்போடு ஒட்டிய கல் திண்ணையில் ஈரக் கையுறைகளைப் பரப்பிவிட்டு, மிச்ச இடத்தில் நாங்கள் முதுகு சாய்த்து உட்கார்ந்துகொண்டோம். சறுக்குக் காலணிகளுக்கு மட்டும் வாசலைத் தாண்டி அனுமதியில்லை.

பகலெல்லாம் 1912இல் தொடங்கிய இழுவை ரயிலில் ஆல்மெண்ட்ஹூபெல் மேட்டுக்கு ஏறினோம். அங்கே நான் பார்வையாளனாக நிற்க, என் மகள் சறுக்கக் கற்றாள். இந்த ஊரின் சரிவுகளில்தான் 1922இல் பிரிட்டிஷ் பனிச்சறுக்கு முன்னோடி ஆர்னால்டு லன் கொடிகளை நட்டு, அவற்றினூடே வளைந்து வளைந்து சறுக்கும் நவீன ஸ்லாலம் போட்டியை நடத்தினார். 1931இல் முதல் உலக ஆல்ப்பைன் பனிச்சறுக்குப் போட்டிகளும் இங்கேதான் நடந்தன.

மாலையில் மேற்கு வெயில் பட்டு எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் சிகரங்கள் ரோஜா நிறம் கொள்ளும் அந்தச் சில நிமிடங்களில் கூடத்தில் யாரும் பேசவில்லை. இருட்டியபின் உருளைக்கிழங்கைத் துருவிப் பொன்னிறமாக வறுக்கும் ரோஸ்டியும் மலைப் பாலாடைக்கட்டியும் உண்டோம். நள்ளிரவில் கடுங்குளிரில் சுருங்கும் மரம் எங்கோ ஒரு மூலையில் படீரென்று ஒலிக்கும். இரண்டாம் இரவிலிருந்து அந்த ஓசைக்கு யாரும் விழிக்கவில்லை.

கடைசிக் காலையில் அம்மையார் காலியான விறகுக் கூடையைக் காட்டினார். புறப்படுபவர்கள் அடுத்து வருபவர்களுக்காக அதை நிரப்பி வைத்துவிட்டுச் செல்வது அந்த வீட்டு வழக்கம். இறவாரத்தின் கீழே நின்று, நானும் மகளும் ஒவ்வொரு கட்டையாக எடுத்துக் கூடையை நிரப்பினோம்.