மிசின் ஸ்டார்ட் எடுத்த கதை

1989இல் எங்கள் கல்லூரி மாணவர் மன்றச் சஞ்சிகைக்கு நான் இதழாசிரியர். சட்டைப்பையில் சிவப்புப் பேனாவோடு திரிந்த காலம். ஆசிரியர்களே என்னைப் பார்த்து ஒதுங்கிப் போவதாக ஒரு நினைப்பு.

என் வகுப்பில் அவன் கடைசி வாங்கில் இருப்பான். விடியப்புறம் தகப்பனோடு வெங்காயத்துக்கு இறைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவான். முதல் பாடத்தில் நித்திரை தூங்குவான். செம்மண் ஏறிய அந்தக் கைகளால் கொப்பியில் கதை எழுதுகிறான் என்பது எவருக்கும் தெரியாது. ஒருநாள் இடைவேளையில் ஆறு தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு முதன்முதலில் தண்ணீர் மிசின் வந்த கதை அது. கிணற்றில் நீர் இறைத்துவந்த பனந்துலாவைத் தகப்பன் வெட்டி விறகாக்குகிறார். அதைத் தாங்கிய ஆடுகால் மட்டும் நிற்கிறது. பட்டை பிடிக்கவும் துலா மிதிக்கவும் இனி ஆள் தேவையில்லை என்று வீடு கொண்டாடுகிறது. கிழவி ஒருத்தி மட்டும் முணுமுணுக்கிறாள்: துலா மிதித்த காலத்தில் ஆளும் களைக்கும், கிணறும் இளைப்பாறும், இந்த மிசினுக்குக் களைப்பே இல்லையே. கடைசியில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்தபடி கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். புவியியல் பாடத்தில் நான் மனப்பாடம் செய்து புள்ளி வாங்கிய சங்கதியை அவன் ஒரு கிழவியின் வாயில் வைத்திருந்தான்.

நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனாவை எடுத்தேன். மிசினை ‘நீரிறைக்கும் இயந்திரம்’ ஆக்கினேன். ‘ஸ்டார்ட் எடுக்கவில்லை’ என்பதை ‘இயங்க மறுத்தது’ என்று திருத்தினேன். கிழவியின் பேச்சை இலக்கணத்துக்குள் தள்ளினேன். அவன் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், கோபிக்கவில்லை.

“மச்சான், மிசின் என்றால்தான் அது ஸ்டார்ட் எடுக்கும்” என்றான். தாள்களை மடித்துக் கொண்டு போய்விட்டான். அந்த இதழில் கதை வரவில்லை. நிலாவைப் பற்றிய என் கவிதை வந்தது.

1990இல் போர் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் போயிற்று, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் உரமும் பற்றரியும் எட்டாப் பொருள்களாயின. தகப்பனுக்கு ஏலாமற் போக, அவன் உயர்தரப் படிப்பை இடையில் விட்டுத் தோட்டத்தோடு நின்றுவிட்டான். பகலில் மண்வெட்டி, இரவில் ஜாம் போத்தல் விளக்கு. பஞ்சுத் திரியைக் காட்டிலும் சிறிய சுடர், அதிலேதான் எழுதினான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினான். செய்தியின் முக்கியமான இடத்தில் சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்துவிடும். சிரிக்காமல் படிக்க முடியாது.

இன்னொன்று, ஒரு மூடி பெற்றோல் கதை. மிசினைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள் அல்லவா? அந்த ஒரு மூடிக்காக ஒருவன் ஊரெல்லாம் அலைகிறான். அலைந்து வந்தவன் தகப்பனிடம் கேட்கிறான்: “அப்பு, துலாவுக்கு ஏற்ற பனை எங்கே நிற்கிறது?” கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அச்சான நாட்கள் அவை. அந்தத் தாளிலேயே இந்தக் கதையும் வெளிவந்தது. மிசின் மிசினாகவே இருந்தது. நான் அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, பொறாமையில் அவனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு கனடா வந்துவிட்டேன். 1995 இடப்பெயர்வில் அவனுடைய கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போயின.

போன மாதம் தொலைபேசியில் பேசினோம். இப்போதும் தோட்டந்தான். முதல் கதை நினைவிருக்கிறதா என்று தயங்கித்தான் கேட்டேன். “நீ திருத்தினதும் நினைவிருக்கிறது” என்றான். நினைவிலிருந்து மறுபடி எழுதி, தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். கிழவி இன்னும் கூடுதலாக ஏசுகிறாள்.

அதையே இம்மலருக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது. இதழ்க்குழுவினரே, தயவுசெய்து அவற்றையும் தொடாதீர்கள்.