போர்டு கனெக்ட் ஆகலன்னா எங்க தேடணும்: எம்பெடெட் பிராக்டிகலுக்கு நான் தயாரான விதம்

எம்பெடெட் லேப் (சின்ன கண்ட்ரோலர் சிப்புக்கு கோடு எழுதி ஓட்டுற லேப்) பிராக்டிகலுக்குப் படிக்கிறவங்க பெரும்பாலும் கோடு மட்டும்தான் எழுதிப் பழகுறாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், டைமர், இன்டரப்ட், யுஆர்ட் (சீரியல்ல டேட்டா அனுப்புற பகுதி) எல்லாம் பாக்காமலே எழுதுற அளவுக்கு வந்தாச்சு, ஆனா மாடல் எக்ஸாம்ல மூணு மணி நேரத்துல முக்கால் மணி நேரம் எழுதுன கோட சிப்புக்குள்ள ஏத்த முடியாமலே போயிடுச்சு. ஸ்கிரீன்ல எரர் மேல எரர், நான் கேபிள கழட்டி கழட்டி மாட்டிட்டே இருந்தேன். அன்னைக்கு வந்த வருத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு, ஏன்னா கோடு சரியாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் பண்ண ஒரே வேலை, நானே வேணும்னு ஒவ்வொன்னா கெடுத்துப் பாத்தது. ஒரு நோட்டு எடுத்து இடது பக்கம் எத கெடுத்தேன்னு எழுதுவேன், வலது பக்கம் அப்ப டூல் என்ன மெசேஜ் குடுத்துச்சோ அத அப்படியே எழுதுவேன். கிரவுண்ட் வயர உருவுறது, டேட்டா லைனும் கிளாக் லைனும் மாத்தி சொருகுறது, போர்டுக்கு பவர் குடுக்காம விடுறதுன்னு இருபது இருபத்தஞ்சு தப்பு சேர்ந்துச்சு. எக்ஸாம்ல எரர் வரும்போது அது ஏற்கனவே பாத்த முகமா இருக்கணும், அதுக்குத்தான் இவ்வளவும்.

முதல்ல கம்ப்யூட்டர் பக்கம். லினக்ஸ்ல ஏவிஆர்டியூட் (ஏவிஆர் சிப்புல கோடு ஏத்துற டூல்), ஓபன்ஓசிடி (ஏஆர்எம் சிப்புல கோடு ஏத்தி, அது ஓடும்போதே தப்பு தேட, அதாவது டீபக் பண்ண, உதவுற டூல்) எதுவா இருந்தாலும் பெர்மிஷன் எரர் வந்தா உடனே சூடோ (அட்மின் உரிமை) போட்டு ஓட்டாதீங்க, அது ஓடும், ஆனா அடுத்து ஐடிஇல இருந்து டீபக் பண்ணும்போது அதே பிரச்சனை திரும்பி வரும். சீரியல் போர்ட்டுக்கு உங்க யூசர டயல்அவுட் குரூப்ல சேக்கணும் (சில டிஸ்ட்ரோல குரூப் பேரு வேற), சேத்துட்டு ஒரு தடவ லாக்அவுட் பண்ணி திரும்ப வரணும், இந்த லாக்அவுட்ட மறந்துட்டு மணிக்கணக்கா முழிக்கிறவங்கள நிறைய பாத்திருக்கேன். டீபக்கருக்கு (கம்ப்யூட்டரையும் சிப்பையும் இணைக்கிற கருவி) யூடெவ் ரூல்ஸ் வேணும், அதுதான் அந்தக் கருவிய யூசர் தொட அனுமதி குடுக்கும், ஓபன்ஓசிடி சோர்ஸ் கூடவே அந்த ஃபைல் வரும், அத அதோட இடத்துல காப்பி பண்ணி ரூல்ஸ ரீலோட் பண்ணிட்டு கேபிள கழட்டி மாட்டணும். எல்எஸ்யுஎஸ்பி (மாட்டியிருக்குற யுஎஸ்பி டிவைஸ காட்டுற கமாண்ட்) அடிச்சா டிவைஸே லிஸ்ட்ல இல்லன்னா சாஃப்ட்வேர தொடவே வேணாம், முதல்ல கேபிள மாத்துங்க, சார்ஜ் ஏத்த மட்டும் ஆகுற கேபிள்ல டேட்டா வயரே இருக்காது.

அடுத்து ஏவிஆர் சிப்பு குடும்பம். இங்க எனக்கு நல்லா உறைச்ச விஷயம் கிளாக் தான். புது ஏடிமெகா328பி சிப்பு வரும்போது உள்ள இருக்குற 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர எட்டால வகுத்து 1 மெகாஹெர்ட்ஸ்லதான் ஓடிட்டு இருக்கும், ஐஎஸ்பி கிளாக் (ப்ரோக்ராமர் சிப்போட பேசுற வேகம்) அதுல கால் பங்கு, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழ இருக்கணும். ப்ரோக்ராமர் அதவிட வேகமா பேசுனா சிப்புக்கு ஒன்னும் புரியாது, நம்ம பார்வைக்கு சிப்பு செத்துப்போன மாதிரி இருக்கும். ஏவிஆர்டியூட்ல கேபிடல் பி ஆப்ஷனுக்கு 10 குடுத்தா ஒரு கிளாக்குக்கு 10 மைக்ரோசெகண்ட், கிட்டத்தட்ட 100 கிலோஹெர்ட்ஸ், அதுலயே பல சிப்பு உயிரோட எந்திரிச்சிடும். சிக்னேச்சர் (சிப்போட மூணு பைட்டு அடையாள எண்) பொருந்தலன்னு வந்தா கேபிடல் எஃப் போட்டு ஃபோர்ஸ் பண்ற பழக்கம் வேணவே வேணாம். கடைசி பைட்டு மட்டும் மாறியிருந்தா அது 328பியா வெறும் 328ஆன்னு சிப்பு மேல அச்சடிச்சத படிச்சு பார்ட் பேர சரியா குடுத்தா போதும், மூணு பைட்டும் சைபராவோ எல்லாம் எஃப்ஃபாவோ வந்தா அங்க சிப்போட பேச்சே நடக்கல, வயரிங், பவர், கிளாக் இந்த மூணுல ஒன்னு.

இப்ப ஏஆர்எம் பக்கம், என்ன ரொம்ப அலைய விட்டது இதுதான். எஸ்டிஎம்32எஃப்103ங்கிற ஏஆர்எம் சிப்பு இருக்குற போர்டுல முதல் தடவ கோடு அழகா ஏறுச்சு, எல்ஈடியும் மின்னுச்சு. ரெண்டாவது தடவ கனெக்ட்டே ஆகல. போர்டு போச்சுன்னே நெனச்சேன், இன்னொரு போர்டு எடுத்தேன், அதுலயும் அதே கதை, முதல் தடவ ஏறும், அப்புறம் கதவு சாத்திக்கும். ரெண்டு போர்டுலயும் ஒரே மாதிரின்னா கோளாறு போர்டுல இல்ல, நான் ஏத்துற கோடுலன்னு அப்பதான் தோணுச்சு. டூல் தானா ஜெனரேட் பண்ணிக் குடுத்த கோட வரி வரியா படிச்சா, பின் கான்ஃபிகரேஷன்ல சீரியல் வயர் டீபக்க (ரெண்டு வயர்ல டீபக்கர் சிப்போட பேசுற வழி) நான் செலக்ட் பண்ணாததால ஆரம்பத்துலயே டீபக் போர்ட்ட மூடுற ஒரு வரி இருக்கு. பிஏ13, பிஏ14 ரெண்டு பின்னும் அத்தோட டீபக்கர் பேச்ச கேக்காது. வழி சுலபம்தான், ரீசெட்ட அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஓபன்ஓசிடிய ஓட்டி சரியான நேரத்துல விடணும், ரீசெட் வயர் இணைச்சிருந்தா கனெக்ட் அண்டர் ரீசெட்னு கான்ஃபிக்ல சொல்லிடலாம், ரெண்டும் சரிவரலன்னா பூட்0 ஜம்பர ஒன்னுக்கு மாத்தி ரீசெட் பண்ணுங்க, நம்ம கோடு ஓடாம உள்ள இருக்குற பூட்லோடர் ஓடும், அப்ப கனெக்ட் பண்ணி அழிச்சிடலாம்.

ஓபன்ஓசிடி ஓடிட்டு இருக்கும்போது 3333 போர்ட் ஜிடிபிக்கு (டீபக் பண்ற ப்ரோக்ராம்), 4444 டெல்நெட்டுக்கு (நேரடியா கமாண்ட் அடிக்க). போர்ட் ஏற்கனவே யூஸ்ல இருக்குன்னு எரர் வந்தா பின்னாடி பழைய ஓபன்ஓசிடி ஒன்னு மூடாம கெடக்கு, அத நிறுத்துனா போதும். ஜிடிபில வேரியபிள் எல்லாம் ஆப்டிமைஸ்ட் அவுட்னு காட்டுனா டீபக்குக்கு ஏத்த ஓஜி ஆப்டிமைசேஷன் லெவல்ல திரும்ப கம்பைல் பண்ணுங்க. பிரேக்பாயின்ட் (கோட நிறுத்திப் பாக்குற இடம்) சம்பந்தமில்லாத வரில நிக்குதுன்னா பெரும்பாலும் சிப்புல இருக்குறது பழைய கோடு, கைல இருக்குறது புது எல்ஃப் ஃபைல் (கம்பைல் ஆன கோடு), கம்பேர்-செக்ஷன்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது ரெண்டையும் ஒப்பிட்டு மிஸ்மேட்ச்னு சொல்லிடும், இது தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. எஃப்103ல ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் மொத்தமே 6 தான், ஏழாவது வெக்கும்போது எரர் வந்தா பயப்பட ஒன்னுமில்ல, பழசுல ஒன்ன எடுத்துடுங்க.

எரர படிக்கும்போது கடைசி வரிலயே நின்னுடாதீங்க, மேல இருந்து கீழ வாங்க. கடைசி வரி "கனெக்ட் பண்ண முடியல"ன்னு தான் இருக்கும், காரணம் அதுக்கு நாலு வரி மேல ஒளிஞ்சிருக்கும்.

மெயின் எக்ஸாம் அன்னைக்கும் போர்டு கனெக்ட் ஆகல. கை லேசா நடுங்குச்சு, ஆனா மேல இருந்து படிச்சேன், டார்கெட் வோல்டேஜ்னு ஒரு வரி, பக்கத்துல கிட்டத்தட்ட சைபர். நோட்டுல ஏழாவது பக்கம் இதே வரி இருக்கு. போர்டுல பவர் எல்ஈடி எரியுது, அப்ப பவர் இருக்கு, டீபக்கருக்கு மட்டும் அது தெரியல, அப்படின்னா வோல்டேஜ் பாக்குற அந்த ஒத்த வயர். பாத்தா பிரெட்போர்டுல ஒரு ஓட்டை தள்ளி சொருகியிருக்கு. மாத்தி சொருகுனேன், 3.2 வோல்ட் காட்டுச்சு, லோட் அடிச்சேன், ஏறிடுச்சு. வைவால எக்ஸாமினர் எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சன்னு கேட்டாரு, டெர்மினல மேல ஸ்க்ரோல் பண்ணி அந்த வரிய காட்டினேன், அடுத்த ரெண்டு கேள்வியும் அதுல இருந்துதான் கேட்டாரு.