முர்ரேவும் லெண்டிலும்: ஒரு ரசிகனின் நாட்குறிப்பு

8 ஜூலை 2012

விம்பிள்டன் டென்னிஸ் மறுபடியும் ஃபெடரருக்கே. முதல் செட்டை பிரிட்டனின் ஆண்டி முர்ரே எடுத்ததும் இந்த முறை இவர்தான் என்று நம்பியே விட்டேன். மூன்றாவது செட்டில் மழை வந்து கூரையை மூடினார்கள். அப்புறம் ஆட்டம் ஃபெடரர் கைக்குப் போய்விட்டது. பரிசளிப்பில் மைக்கைப் பிடித்த முர்ரேவுக்குப் பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் இறுதியில் அவருக்கு இது நான்காவது தோல்வி. ஒரு கோப்பைகூட இல்லை.

இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து அவருக்குப் பயிற்சி தரும் இவான் லெண்டிலும் இதே வழியாக வந்தவர். 1981 முதல் 1983 வரை போர்க்கிடம் ஒன்று, கானர்ஸிடம் இரண்டு, விலாண்டரிடம் ஒன்று என முதல் நான்கு இறுதிப்போட்டிகளையும் தோற்றார். பெரிய மேட்ச் என்றால் பதறிவிடுவார் என்று பேச்சு. 1984 பிரெஞ்சு ஓபனில் மெக்கன்ரோவிடம் இரண்டு செட் பின்தங்கி, அதன்பின் ஜெயித்தார். மொத்தம் எட்டு கிராண்ட் ஸ்லாம். முர்ரேவின் இன்றைய வலி புரிந்த பயிற்சியாளர் இவரைவிட யார் இருக்க முடியும்?

5 ஆகஸ்ட் 2012

நாலே வாரம். அதே சென்டர் கோர்ட், அதே ஃபெடரர். 6-2, 6-1, 6-4. ஒலிம்பிக் தங்கம்! எதிராளி தப்பு செய்யட்டும் என்று பின்னால் நின்று காத்திருக்கும் முர்ரேவை இன்று காணோம். ஃபோர்ஹேண்டை விளாசினார்.

11 செப்டம்பர் 2012

விடிய விடிய அமெரிக்க ஓபன் இறுதி, எதிரே ஜோகோவிச். முதல் செட்டில் 6-6 சமநிலையைத் தீர்க்கும் டை-பிரேக் மட்டும் 12-10 வரை இழுத்தது. இரண்டு செட் முன்னிலையை ஜோகோவிச் சமன் செய்தபோது பழைய பயம் எனக்கு வந்தது. முர்ரேவுக்கு வரவில்லை. ஐந்தாவது செட் 6-2.

மொத்தம் 4 மணி 54 நிமிடம். 1988 இறுதிப்போட்டியும் இதே அளவு நீண்டது, அதில் விலாண்டரிடம் தோற்றவர் லெண்டில். ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் யோசனை சொல்லக்கூடாது என்பது விதி. அவர் கையைக் கன்னத்தில் வைத்தபடி, முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

7 ஜூலை 2013

விம்பிள்டன் இறுதி, ஜோகோவிச்சுக்கு எதிராக. முர்ரே சர்வ் செய்த கடைசி கேமில் 40-0. ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்ற மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்டும் போயின. பிறகு அந்த கேமையே பறிக்க ஜோகோவிச்சுக்குப் பிரேக் பாயிண்ட், ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றையும் தடுத்துவிட்டு நான்காவது வாய்ப்புக்கு வந்தார் முர்ரே. ஜோகோவிச்சின் பேக்ஹேண்ட் வலையில் விழுந்தது. 1936இல் ஃப்ரெட் பெர்ரி வென்றதற்குப் பிறகு, 77 ஆண்டுகள் கழித்து ஆண்கள் ஒற்றையரில் ஒரு பிரிட்டிஷ்காரர்!

லெண்டிலுக்குக் கிடைக்காத ஒரே கிராண்ட் ஸ்லாம் இது. 1986இல் பெக்கரிடமும் 1987இல் பாட் கேஷிடமும் இறுதியில் தோற்றார். 1990இல் புல்தரைப் பயிற்சிக்காகப் பிரெஞ்சு ஓபனையே விட்டுக்கொடுத்தும் பலிக்கவில்லை. அவருக்காகவும் சந்தோஷப்பட்டேன்.

மார்ச் 2014

இருவரும் பிரிந்துவிட்டார்கள். மனசே ஆறவில்லை.

10 ஜூலை 2016

போன மாதம்தான் லெண்டில் திரும்பி வந்தார். இடைப்பட்ட காலத்தில் முர்ரே மூன்று கிராண்ட் ஸ்லாம் இறுதிகளில் ஜோகோவிச்சிடம் தோற்றிருந்தார். இன்று கனடாவின் ராவ்னிச்சை நேர் செட்டுகளில் வென்று மறுபடியும் விம்பிள்டன். ராவ்னிச்சுக்கு ஆலோசனை சொல்பவர், 1984இல் லெண்டிலிடம் தோற்ற அதே மெக்கன்ரோ!

அடுத்து ரியோ ஒலிம்பிக். ஒற்றையரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண் இதுவரை யாருமில்லை. முர்ரேவால் முடியும் என்றே தோன்றுகிறது.