சிப்பிப்பாறை தேர்ந்தெடுத்த நகரம்

பிரிட்டனில் எந்த ஊரில் குடியேறுவது என்பதை எங்கள் வீட்டில் சம்பளமோ வாடகையோ அல்ல, எட்டு வயதுச் சிப்பிப்பாறை நாய்தான் தீர்மானித்தது. லண்டனில் சுரங்க ரயிலிலும் நாயை அழைத்துச் செல்லலாம், ரிச்மண்ட் பூங்காவோ 2,500 ஏக்கர்; ஆனால் எங்கள் கைக்கு எட்டும் வாடகையில் கிடைக்கும் வீடுகள் அதற்கு வெகு தொலைவில் இருந்தன. எடின்பரோவின் போர்ட்டபெல்லோ கடற்கரை மனத்தை இழுத்தது. மெரினாவை விட்டுப் பிரிய மனமில்லாத என் மனைவியை இன்னும் அதிகமாக இழுத்தது. எனினும் பழைய கல் கட்டடங்களின் மாடிப்படிகள் மூட்டுவலிக்கார நாய்க்கு ஆகாது.

ஷெஃபீல்டின் மூன்றில் ஒரு பங்கு நிலம் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால், பேருந்திலேயே வெட்டவெளிக்குப் போய்விடலாம் என்பது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அங்குள்ள திறந்தவெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடு கட்டும் பறவைகளை முன்னிட்டு, 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்துத்தான் நாயை நடத்த வேண்டும். ஆட்டைக் கண்டால் பாயும் வேட்டைநாய்க்கு அதுவும் நல்லதே.

இந்தியாவிலிருந்து செல்லும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, சோதனையில் தேறினால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் இப்போது இருக்கிறோம்; குளிருக்கான மேலங்கி தைக்க அளவெடுத்த தையல்காரர் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.