பிறந்த பிள்ளைக்கு விற்றமின் ஏ சொட்டா?
ஆரையம்பதியில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து மாமிக்கு ஒரே கேள்வி: "விற்றமின் ஏ எப்ப குடுப்பாங்க மகள்?"

இப்ப இல்ல மாமி. கிளினிக்கில் ஆறு மாதத்தில்தான் தொடங்குவார்கள். பிறந்த பிள்ளைக்கும் சரி, பெற்றவளுக்கும் சரி, பொதுவாகக் கொடுக்கும் அளவுக்கு உறுதியான பலன் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே சொல்லிவிட்டது. சில ஆய்வுகளில் சொட்டு குடித்த சில குழந்தைகளுக்கு உச்சிக்குழி கொஞ்ச நாள் புடைத்ததும் உண்டு.

முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாய், பிசுபிசுப்பாய் வரும் சீம்பாலில் விற்றமின் ஏ நிறையவே இருக்கிறது. அந்த மஞ்சள் நிறமே கரோட்டீனால் வருவது. அதைப் பீச்சி ஊற்றச் சொன்ன ஆளும் நம்ம மாமிதான்!

அப்புறம், பத்தியம் என்று சொல்லித் தங்கச்சியின் தட்டிலிருந்து விற்றமின் ஏ-க்கு உதவும் முருங்கையிலைச் சுண்டலை எடுக்காதீங்க; அவள் சாப்பிடுவதுதான் பாலுக்கும் போகும்.