20 கொண்டை ஊசி வளைவு

நேற்று ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு காபித் தோட்டத்து அம்மா. எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க சேலம் போகிறாராம். டெஸ்ட் இலவசம்தான், ஒரு நாள் கூலி போச்சு.

நான் படிப்பது சுகாதாரப் பொருளாதாரம். 1993 உலக வங்கி அறிக்கை பரப்பிய ‘டாலி’ (DALY) கணக்கு, ஒரு நோயின் சுமையை அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும் நோயோடு கழிந்த ஆண்டுகளையும் கூட்டிச் சொல்லும். எந்தத் திட்டத்தில் ஒரு டாலியைத் தவிர்க்க எவ்வளவு செலவு என்று ஒப்பிடலாம். நல்ல கருவிதான். ஆனால் ஆள் குறைவு, சிதறிய வீடுகள், ஏறி இறங்க 20 கொண்டை ஊசி வளைவு என்றால் தலைக்குச் செலவு கூடும். அந்த ஒப்பீட்டில் மலை சுலபமாகத் தோற்றுவிடும். (சமத்துவத்துக்குத் தனி எடை போடும் முறைகளும் உண்டு. எவ்வளவு எடை என்பதில்தான் சண்டை.)

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அப்ப எங்க உசுரு வெலை ஜாஸ்திங்கிறியா கண்ணு?”

கோரிமேடு வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.